பத்துத் தவணையா, ஒரே தொகையா? – அமெரிக்கப் புகையிலை விவசாயிகள் பெற்ற இழப்பீட்டின் கதை

ஆண்டுக்கு 5,000 டாலர் வீதம் பத்து ஆண்டுகளுக்கு அரசு தரும். அது வேண்டாம், இப்போதே கையில் வேண்டும் என்றால் வங்கி ஒன்று அந்தப் பத்துத் தவணைகளையும் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு 33,550 டாலரை இன்றே கணக்கில் வரவு வைக்கும். எதைத் தேர்வது?

2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கென்டக்கி, வட கரோலினா, டென்னசி, வர்ஜீனியா முதலிய மாநிலங்களில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் இத்தகைய கேள்வியை எதிர்கொண்டன. அவர்களுள் புகையிலை பயிரிட்டவர்கள் இருந்தனர். பயிரிடுவதை எப்போதோ விட்டுவிட்டு நகரத்தில் குடியேறியவர்களும், கணவர் விட்டுச்சென்ற நிலத்தின் குத்தகையில் வாழ்ந்த மூதாட்டிகளும் இருந்தனர். கடல் கடந்த நாட்டின் புகையிலைக் கணக்கு நமக்கு எதற்கு என்று வாசகர்கள் எண்ணலாம். நிலம் கையகப்படுத்தலுக்கான ஈடு, ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே பெறுதல், குடும்பச் சொத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஆண்டுதோறும் வரும் தொகை என இதே கேள்வி நம் வாடிக்கையாளர்களிடமும் வேறு வேறு உருவங்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அமெரிக்கப் புகையிலைத் திட்டம் பத்தாண்டுகள் நடந்து முடிந்துவிட்ட ஒன்று. ஆகவே தொடக்கம் முதல் இறுதிவரை அதை அமைதியாகப் பார்க்க முடிகிறது.

காகிதத்தில் விளைந்த சொத்து

1930களின் பெருமந்தத்தில் விளைபொருள் விலைகள் அடிமட்டத்துக்குச் சரிந்தன. விளைச்சலைக் கட்டுப்படுத்தினால் விலை நிற்கும் என்ற எண்ணத்தில் 1938ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் புகையிலைக்கு விற்பனைக் கோட்டாவை ஏற்படுத்தியது. எந்தப் பண்ணை எவ்வளவு விற்கலாம் என்பதை அரசு வரையறுத்தது. விவசாயிகளே வாக்களித்து அக்கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டனர். கைம்மாறாக அரசு ஆதரவு விலை ஒன்றை உறுதியளித்தது. ஏலத்தில் அவ்விலைக்கு மேல் கேட்க ஆளில்லையென்றால், விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு அந்தச் சரக்கை எடுத்துக்கொண்டு அவருக்கு உரிய பணத்தைத் தந்துவிடும். அதற்கான கடனை அரசின் பண்டகக் கடன் கழகம் வழங்கும். சரக்கு பின்னர் விலைபோகும்போது கடன் அடைபடும்.

கோட்டா நிலத்தோடு ஒட்டியிருந்தது என்பதே இந்த ஏற்பாட்டின் முக்கியமான கூறு. நிலத்தை வாங்கினால் கோட்டாவும் வரும். நிலம் பாகப்பிரிவினையானால் கோட்டாவும் பிரியும். காலம் செல்லச் செல்ல அதைக் குத்தகைக்கு விடும் வழக்கமும் பெருகியது. உழுபவர் ஒருவர், உரிமை உடையவர் இன்னொருவர் என்றானது. கோட்டா இருந்த நிலத்துக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைத்தது. மண்ணில் விளையாமல் அரசின் பதிவேட்டில் விளைந்த ஒரு சொத்து, இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் உயிலில் எழுதப்படும் அளவுக்கு மதிப்புப் பெற்றுவிட்டது.

1982இல் முதல் அடி விழுந்தது. சிகரெட்டின் தீமையைப் பற்றி ஒரு கையால் எச்சரித்துக்கொண்டே மறுகையால் புகையிலைக்கு வரிப்பணத்தைக் கொடுப்பதா என்ற கேள்வி எழுந்ததால், ஆதரவு விலைத் திட்டத்தில் ஏற்படும் நட்டத்தை விவசாயிகளே ஏற்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. பிரேசில், ஜிம்பாப்வே, மலாவி ஆகிய நாடுகளின் இலை மலிவாகக் கிடைத்தது இரண்டாவது அடி. 1998இல் நான்கு பெரிய சிகரெட் நிறுவனங்கள் மாநில அரசுகளோடு செய்துகொண்ட மாபெரும் வழக்குத் தீர்வு மூன்றாவது. அதன் விளைவாகச் சிகரெட் விலை உயர்ந்து விற்பனை குறைந்தது. பாதிக்கப்படும் விவசாயிகளுக்கென 5.15 பில்லியன் டாலரைப் பன்னிரண்டு ஆண்டுகளில் வழங்க நிறுவனங்கள் தனியே ஒரு நிதியம் அமைத்தன. ஆயினும் கோட்டா சுருங்குவது நிற்கவில்லை. 1997 முதல் 2004 வரையிலான காலத்தில் அது ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. பத்தாயிரம் பவுண்டு விற்கும் உரிமையை நம்பிக் கடன் வாங்கியவர் ஐயாயிரம் பவுண்டோடு நின்றார். கடன் பாதியாகவில்லை.

ஈட்டின் மதிப்பு எதைச் சார்ந்து நிற்கிறது என்று வங்கியாளர்களாகிய நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதன் காரணம் இங்கே விளங்கும். அரசின் ஓர் ஆணையால் உண்டான மதிப்பு, அரசின் இன்னோர் ஆணையால் கரையக்கூடியது.

பவுண்டுக்கு ஏழும் மூன்றும்

தாங்கள் உருவாக்கிய சொத்தைத் தாங்களே விலைகொடுத்து ஒழிப்பது என்ற முடிவுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் வந்தது. 2004 அக்டோபர் 22 அன்று குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட பெரியதொரு வரிச் சட்டத்தின் ஒரு பகுதியாகப் புகையிலைச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. கோட்டா, ஆதரவு விலை இரண்டும் 2004 பருவத்தோடு முடிந்தன. 2005 முதல் யார் வேண்டுமானாலும், எங்கு வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் பயிரிடலாம். வாங்க ஆள் கிடைப்பது மட்டும் அவரவர் பாடு.

ஈட்டுத்தொகை இரு கூறுகளாக அமைந்தது. கோட்டாவின் உரிமையாளருக்குப் பவுண்டுக்கு 7 டாலர். பயிரிட்டவருக்குப் பவுண்டுக்கு 3 டாலர் வரை. கணக்கிட எடுத்துக்கொண்ட அடிப்படை 2002ஆம் ஆண்டின் கோட்டா. பயிரிட்டவர் முழுத் தொகையைப் பெற 2002, 2003, 2004 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பயிரிட்டிருக்க வேண்டும். ஓராண்டு விடுபட்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும். விளைச்சலின் இலாப நட்டத்தில் பங்கேற்றவரே பயிரிட்டவர் எனக் கருதப்பட்டார். நிலக்காரரும் வாரதாரரும் நட்டத்தைப் பகிர்ந்திருந்தால் தொகையும் அவ்விகிதத்தில் பகிரப்பட்டது. வாய்மொழியாக வாரம் பேசியிருந்த இடங்களில் ஒப்பந்தம் இல்லாத குறை அப்போதுதான் தெரிந்திருக்கும். எழுத்தில் இல்லாத குத்தகை நம் நாட்டிலும் உழுபவருக்கு எத்தனை வாயில்களை அடைக்கிறது என்பதைக் கிராமக் கிளைகளில் பணிபுரிந்தவர்கள் நன்கு அறிவர்.

மொத்தத் தொகை 10.14 பில்லியன் டாலருக்கு மிகாது என வரையறுக்கப்பட்டது. பத்துச் சமத் தவணைகள், 2005 முதல் 2014 வரை. இப்பணம் அரசுக் கருவூலத்தின் பொது வரியிலிருந்து வரவில்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. புகையிலைப் பொருள்களைத் தயாரிப்போரிடமிருந்தும் இறக்குமதி செய்வோரிடமிருந்தும் அவரவர் சந்தைப் பங்குக்கு ஏற்பக் காலாண்டுதோறும் வசூலிக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் 96 விழுக்காட்டுக்கும் மேல் சிகரெட்டின் மீது விழுந்தது. ஆகவே இறுதியில் இதைக் கொடுத்தவர் புகைப்பவரே என்று சொல்வது பிழையாகாது.

இதனை மானியம் என்று சொல்லலாமா? அரசின் கைவழியாக விவசாயிக்குச் சென்ற பணம் என்ற அளவில் மானியப் பட்டியல்களில் இது இடம்பெறுகிறது. ஆனால் விதைக்கவும் உரமிடவும் ஊக்கம் தருவது மானியம். இங்கே கொடுக்கப்பட்டது ஒரு சொத்து பறிபோனதற்கான விலை. அமெரிக்க வருமான வரித் துறையும் ஏறத்தாழ இப்படித்தான் பார்த்தது. கோட்டா உரிமையாளர் பெற்றது சொத்தை விற்ற மூலதன ஆதாயமாகவும், பயிரிட்டவர் பெற்றது சாதாரண வருமானமாகவும் கொள்ளப்பட்டன. எங்கள் கருத்தில் ‘ஈடு’ என்ற சொல்லே பொருத்தமானது. பயிரிட்டவரைவிட உரிமையாளருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கிடைத்தது நியாயமா என்பது வேறு வழக்கு. அதை அன்றே பலர் கேட்டனர். எங்களுக்கும் அது உறுத்தலாகவே இருக்கிறது.

பணத்தைப் பெற்றவர் புகையிலையைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையும் சட்டத்தில் இல்லை. தவணையைப் பெற்றுக்கொண்டே அவர் தொடர்ந்து பயிரிடலாம். வேறு பயிருக்கு மாறலாம். நிலத்தை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விடலாம். கேட்பாரில்லை.

வங்கி வாசலில்

இனி தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். தவணைகளைப் பெறும் உரிமையை ஒரு வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ மாற்றிக்கொடுத்து, மொத்தத் தொகையை உடனே பெற்றுக்கொள்ளச் சட்டம் இடமளித்தது. எதிர்காலத்தில் வரவேண்டிய பணத்தை இன்றே குறைந்த தொகைக்கு வாங்குவதே இதன் சாரம். நம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டியலைத் தள்ளுபடி செய்து பணமாக்கியதும் இதே முறையில்தான். தவணை கொடுப்பவர் அரசு என்பதால் வங்கிக்கு வராக்கடன் அச்சம் குறைவு. ஆகவே போட்டி கடுமையாக இருந்தது. விவசாயி ஏமாந்துவிடாதபடி தள்ளுபடி வீதத்துக்கு அரசு ஓர் உச்சவரம்பையும் விதித்தது.

கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 5,000 பவுண்டு கோட்டாவுக்கு உரியவர். தாமே பயிரிட்டும் வந்தவர். பவுண்டுக்கு 10 டாலர் வீதம் அவருக்கு வரவேண்டியது 50,000 டாலர்; ஆண்டுக்கு 5,000. முதல் தவணை ஓராண்டு கழித்து வருவதாகக் கொள்வோம். 5 விழுக்காடு தள்ளுபடி வீதத்தில் பத்துத் தவணைகளின் இன்றைய மதிப்பு சுமார் 38,609 டாலர். 8 விழுக்காட்டில் 33,550. 10 விழுக்காட்டில் 30,723. ஐம்பதாயிரம் வரவேண்டிய இடத்தில் முப்பத்து மூன்றாயிரமா என்று திகைப்பது இயல்பு. ஆனால் ஐம்பதாயிரம் என்பதே ஒரு தோற்றம். பத்தாவது ஆண்டில் வரும் 5,000 டாலரும் இன்று கையிலுள்ள 5,000 டாலரும் ஒன்றல்ல. 8 விழுக்காட்டு வட்டியில் அந்தப் பத்தாவது தவணை இன்றைக்கு 2,316 டாலருக்கே சமம்.

ஆகையால் ஐம்பதாயிரத்தையும் முப்பத்து மூன்றாயிரத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. பெற்ற தொகையை அவர் என்ன செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்தே விடை மாறும். 12 விழுக்காட்டு வட்டியில் அவருக்கு ஒரு கடன் இருக்குமானால், 8 விழுக்காட்டில் தள்ளுபடி செய்து அதை அடைப்பது தெளிவான இலாபம். கடன் ஏதுமில்லாதவர் 33,550 டாலரை வாங்கி 4 விழுக்காட்டு வைப்பில் போட்டுவிட்டு, பத்து ஆண்டுகளுக்குச் சமமாக எடுத்துச் செலவிட நினைத்தால் ஆண்டுக்குச் சுமார் 4,136 டாலர்தான் கிடைக்கும். விட்டுக்கொடுத்த தவணையோ 5,000. ஆண்டுக்கு 864 டாலரை அவர் தம் பொறுமையின்மைக்கு விலையாகக் கொடுக்கிறார். இன்னொன்றும் உண்டு. பத்தாண்டுகளில் பரவ வேண்டிய வருமானம் ஒரே ஆண்டில் குவிந்தால் வரியும் அவ்வாண்டிலேயே குவியும்.

எண்களில் அடங்காத காரணங்களும் இருந்தன. எண்பது வயதானவருக்குப் பத்தாண்டு என்பது நீண்ட காலம். தவணை வாரிசுகளுக்குச் செல்லும் என்றாலும் தம் காலத்திலேயே பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுத்துவிட வேண்டும் என்று விரும்புவோர் உண்டு. ஐம்பது ஏக்கருக்குப் பெருக்கி, புதிய பதனக் கொட்டகைகளும் அறுவடை இயந்திரமும் வாங்க நினைத்த இளம் விவசாயிக்கு மொத்தத் தொகையே முதலீடு. மொத்தமாகப் பெறுவது தவறு என்றோ, தவணையே சிறந்தது என்றோ யாரேனும் பொதுப்படச் சொன்னால், அவர் உங்கள் கணக்கைப் பார்க்காமல் பேசுகிறார் என்று கொள்க. அவர் எங்கள் அலுவலராகவே இருந்தாலும் சரி.

பின்னர் நிகழ்ந்தவை

அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பின்படி 2002இல் புகையிலை பயிரிட்ட பண்ணைகள் 56,977. 2007இல் 16,234. ஐந்தே ஆண்டுகளில் பத்தில் ஏழு பண்ணைகள் விலகிவிட்டன. 2012இல் 10,014, 2017இல் 6,237, 2022இல் 2,987. ஆனால் தொடக்கத்தில் பயிர்ப்பரப்பு இவ்வளவு வேகமாகக் குறையவில்லை. 2002இல் பண்ணை ஒன்றுக்குச் சராசரியாக 7.5 ஏக்கராக இருந்தது 2007இல் சுமார் 22 ஏக்கராகியது. சிறியவர்கள் விலக, பெரியவர்கள் பெருகினர். கோட்டாவின் குத்தகைச் செலவு ஒழிந்ததால் பெரும்பண்ணையின் அடக்கவிலை குறைந்தது. மலைச்சரிவில் மூன்று ஏக்கர் வைத்திருந்த கென்டக்கி விவசாயிக்கு ஆதரவு விலை இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஏலக்களங்கள் மூடப்பட்டு, நிறுவனங்களோடு நேரடி ஒப்பந்தம் என்ற முறை நிலைபெற்றது. இலையின் தரத்தை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு, ‘வாங்குபவரே’ என்பது விடையாயிற்று.

2014இல் கடைசித் தவணை வந்தது. அதன்பின் எதுவுமில்லை.

நம் நாட்டில்

இந்தியாவில் ஒப்பிடத்தக்க கட்டுப்பாடு சிகரெட்டுக்குரிய வர்ஜீனியா வகைப் புகையிலைக்கு உண்டு. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976 ஜனவரி முதல் இயங்கும் புகையிலை வாரியம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் விளைச்சல் அளவை ஆண்டுதோறும் வரையறுக்கிறது. விவசாயி தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதனக் கொட்டகைக்கு உரிமம் பெற வேண்டும். கொட்டகை ஒன்றுக்கு இவ்வளவு கிலோ என்ற அளவு உண்டு. சரக்கு வாரியத்தின் ஏலக்களங்களில் மட்டுமே விலைபோகும். கர்நாடகத்தில் 1984இலும் ஆந்திரத்தில் 1985இலும் இவ்வேலம் தொடங்கியது. அளவுக்கு மீறி விளைந்தால் அபராதம். சில பருவங்களில் மைய அரசு அதனைத் தள்ளுபடி செய்திருக்கிறது.

ஆனால் அமெரிக்க ஏற்பாட்டின் மறுபாதி இங்கே இல்லை. குறைந்தபட்ச ஆதரவு விலை பெறும் பயிர்களின் பட்டியலில் புகையிலை இப்போது இல்லை. கட்டுப்பாடு உண்டு, உறுதியளிக்கப்பட்ட விலை இல்லை. 2015இல் ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்தில் இலை விலைபோகாமல் தேங்கி, கடன்பட்ட விவசாயிகள் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்ட துயரம் நிகழ்ந்தது. கொட்டகைக்கு இவ்வளவு என்று ஈடு தந்தால் உரிமத்தை ஒப்படைத்துவிடுகிறோம் என்ற கோரிக்கை அங்கே எழுந்ததுண்டு. அமெரிக்கத் திட்டத்தின் இந்திய வடிவம் என அதனைச் சொல்லலாம். அது இன்னும் நிறைவேறவில்லை. வாரியத்தின் ஏலத்துக்குள் வராத பர்லி வகை 2025இல் விலை சரிந்தபோது, ஆந்திர அரசு தன் மார்க்ஃபெட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்ய நேர்ந்தது.

இங்கு விவசாயியின் கணக்குக்கு நேரடியாக வரும் உதவிகள் பெரும்பாலும் இடர்க்கால உதவிகளே. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் பயிரை அழித்தபின், வாரியத்தின் விவசாயிகள் நல நிதியிலிருந்து ஆந்திரத்தின் 28,112 உறுப்பினர்களுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் அனுமதிக்கப்பட்டது. அது கடன், திருப்பிச் செலுத்த வேண்டியது. வேறு பயிருக்கு மாற விரும்புவோருக்கு, தேசிய வேளாண் வளர்ச்சித் திட்டத்தின் கீழுள்ள பயிர் பன்முகப்படுத்தும் திட்டம் 2015–16 முதல் புகையிலை விளையும் பத்து மாநிலங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. அப்பத்தில் தமிழ்நாடும் ஒன்று. வேடசந்தூர், வேதாரண்யம் பகுதிகளில் விளைவது மெல்லும் வகை என்பதால் குண்டூர் வாரியத்தின் ஏலம் அவர்களைத் தொடுவதில்லை. மாற்றுப் பயிருக்கான உதவியை மாநில வேளாண் துறையின் வழியாகவே அவர்கள் நாட வேண்டும்.

பத்தாண்டுத் தவணை முறை நம் நாட்டுக்கு அறிமுகமில்லாதது அன்று. அமராவதித் தலைநகருக்காக 2015இல் நிலத்தை ஒப்படைத்த விவசாயிகளுக்கு, வளர்ச்சி பெற்ற மனைகளோடு, புன்செய் ஏக்கருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாயும், பாசன வசதியுள்ள வளமான நிலத்துக்கு 50,000 ரூபாயும் எனப் பத்து ஆண்டுகளுக்குத் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. முன்னதற்கு ஆண்டுதோறும் 3,000 ரூபாயும் பின்னதற்கு 5,000 ரூபாயும் கூடும். அமெரிக்கத் தவணை பத்து ஆண்டுகளும் ஒரே தொகையாக நின்றது. விலைவாசி ஏற ஏற அதன் வாங்கும் ஆற்றல் குறைந்தது. அமராவதி ஒப்பந்தத்தில் அந்தத் தேய்மானத்துக்கு ஓரளவேனும் இடம் விடப்பட்டிருந்தது. இத்தகைய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடும்முன் மூன்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது: தவணை ஆண்டுதோறும் உயருமா, பெறுபவர் மறைந்தால் யாருக்குச் செல்லும், அந்த உரிமையை வங்கிக்கு மாற்றிக்கொடுக்க இடமுண்டா. இம்மூன்றையும் குறித்துக்கொண்டு கிளைக்கு வந்தால், இன்றைய மதிப்பை உங்கள் எதிரிலேயே கணக்கிட்டுச் சொல்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது.